ஒன்பதாம் ஆண்டின் தகரம்

நாற்பதாம் ஆண்டு நிறைவு மலரின் பதினேழாம் பக்கத்தில், தேசியக் கால்பந்து லீகின் ஒன்பதாம் ஆண்டைக் காணவில்லை. அச்சுப்பிழை அல்ல. ஐந்து பேரைக் கொண்ட வரலாற்றுச் சீராய்வுக் குழு பதினோரு முறை கூடி, தேநீர் குடித்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, முறைப்படி காணாமல் அடித்த ஆண்டு அது. "சாம்பியன் கழகங்கள்: ஒரு வரலாறு" என்ற தலைப்பின் கீழ் பெயர்கள் வரிசையாக இறங்கின. எட்டாம் ஆண்டு, அச்சகத் தொழிலாளர் கழகம். பத்தாம் ஆண்டு, துறைமுகக் கழகம். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் கோடு. கோட்டுக்குப் பக்கத்தில், "இவ்வாண்டு போட்டிகள் நடைபெறவில்லை."

அதை முதலில் பார்த்தவர் மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை, மாமனார் வீட்டில் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து மலரைப் புரட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று நிமிர்ந்தார்.

"மாமா, உங்க டீம் எந்த வருஷம் ஜெயிச்சதுன்னு சொன்னீங்க?"

"ஒன்பதாவது வருஷம். கடைசி மேட்ச், துறைமுகத்தோட. ஒண்ணுக்கு சைபர். எழுபத்தெட்டாவது நிமிஷம் அவனுங்களுக்குப் பெனால்டி..."

"பிடிச்சீங்க. தெரியும் மாமா."

தெரியாமல் இருக்குமா? அந்தப் பெனால்டியை மாப்பிள்ளை நிச்சயதார்த்தத்தில் கேட்டிருக்கிறார். கல்யாணத்தில் கேட்டிருக்கிறார். குழந்தை பிறந்தபோது பிரசவ அறை வாசலில், உள்ளே என்ன ஆகிறதோ என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தபோதும் கேட்டிருக்கிறார்.

"இதுல இல்லையே மாமா."

மாமனாருக்கு ஊர் வைத்த பெயர் கொக்கு. ஆறடி இரண்டங்குல உயரம், அதற்குச் சம்பந்தமே இல்லாத எடை. பந்து அந்தக் கோடியில் இருக்கும்போது கோல்கம்பத்தில் சாய்ந்து ஒற்றைக் காலில் நிற்பார். இந்தக் கோடிக்கு வந்துவிட்டால் கழுத்து நீளும். ரொட்டி ஆலைத் தொழிலாளர் கழகத்தின் கோல்கீப்பர். ஆலை மூடியதும் கழகமும் கலைந்தது; கொக்கு சந்தை முனையில் சாவிக்கடை போட்டார். இருபத்தாறு வருஷமாகப் பூட்டுத் திறப்பதும் சாவி அறுப்பதும்தான். வயது ஐம்பத்தெட்டு.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் கோட்டைப் பார்த்தார். கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். கோடு அங்கேயேதான் இருந்தது.

"விடுங்க மாமா," என்றார் மாப்பிள்ளை, தன்மையாக. "பழைய விஷயம். ஞாபகம் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். வேற ஏதாவது கப்பா இருக்கலாம்."

பொய் சொல்கிறீர்கள் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். மரியாதையாக மன்னித்துவிட்டவரை என்ன செய்வது?

கொக்கின் மனைவி அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்தார். "ஞாபகம் அவருக்கு மட்டுமா முன்னப்பின்ன போச்சு, எனக்கும் சேர்த்தா? அங்க பாருங்க."

கரண்டி சுவரைக் காட்டியது. முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு ரொட்டி அச்சின் தகர மூடி தொங்கியது. அதன் நடுவே தீப்பெட்டி அளவில் வெட்டி எடுத்த ஓட்டை. ஓட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண், ஆலை அடையாள அட்டைக்கென்று முறைத்தபடி எடுத்த படத்தில், இன்றும் முறைத்துக்கொண்டிருந்தாள். அது அவர்தான். பொட்டலம் கட்டும் பிரிவு.

அந்த ஓட்டைக்கு ஒரு கதை உண்டு. லீகில் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. ஜெயித்த கழகம் தானே ஒரு பெயர்ப்பட்டை செய்து, கோப்பையின் மரப் பீடத்தில் இரண்டு திருகாணி போட்டு மாட்ட வேண்டும். எல்லாரும் வெள்ளியில் மாட்டினார்கள். ரொட்டி ஆலைக்காரர்களுக்கு வெள்ளி, அடுத்த தெருவில் குடியிருக்கிற பணக்காரச் சொந்தக்காரன் மாதிரி: பார்க்கலாம், கூப்பிட முடியாது. பொட்டலப் பிரிவிலிருந்த பெண் ஒரு பழைய அச்சு மூடியைக் கொண்டுவந்து நீட்டினாள். ஆலை மெக்கானிக் அதில் தீப்பெட்டியளவு வெட்டி, ஆணியால் குத்திக் குத்தி எழுத்துப் பொறித்து மாட்டினார். மிச்ச மூடியைத் தூக்கிப் போட மனமில்லாமல் கொக்கு வீட்டுக்கு எடுத்துவந்தார். ஓட்டைக்குள் வைக்க ஒரு படம் தேடினார். அப்புறம் நடந்ததுதான் மாப்பிள்ளைக்குப் பெண் கொடுத்த குடும்பம்.

"பட்டை கப்புல இருக்கு, ஓட்டை எங்க வீட்டுல இருக்கு," என்றார் கொக்கின் மனைவி. "ஜெயிக்காமலா ஓட்டை வந்துச்சு?"

மாப்பிள்ளை ஓட்டையைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார், "சரிங்க அத்தை" என்றார். அந்தச் 'சரி'யில் நம்பிக்கை இல்லை, பயம் இருந்தது.

மறுநாள் சாவிக்கடை திறக்கவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் கால்பந்துச் சம்மேளன அலுவலகத்துக்குப் போனார்கள்.

முன்மேசையில் ஒரு பெண் எழுத்தர். மலரின் பதினேழாம் பக்கத்தைப் பார்த்ததுமே அவர் முகம் மாறியது.

"தகரப் பட்டை... ஆமா. நாற்பதாம் வருஷத்துக்குன்னு போன வருஷம் கப்பை மெருகு போடக் குடுத்தோம். ஒண்ணு துரு ஏறிக் கிடக்கு, ஏதோ ஒட்டுப் போட்ட தகரம் போலிருக்கு, எடுத்துரலாமான்னு பட்டறையில கேட்டாங்க. தலைவர் எடுக்கச் சொன்னார்."

"தகரம் எங்கம்மா?"

"குப்பைக்குப் போயிருக்கும்யா."

"சரி. அதுக்காக லீகே நடக்கலைன்னு எழுதறதா?"

எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். "குழு கப்பு பீடத்துல இருக்கற பட்டையைப் பார்த்துத்தான்யா வரலாறு எழுதினாங்க. ஒன்பதுல பட்டை இல்லை. அதனால ஒன்பது இல்லை."

அன்றாடம் பத்திரிகைகள் வந்த நாடு அது. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்பும் வந்தன. பழைய தாள்களைத் தைத்து வைத்திருக்கும் நூலகம் நாலு பஸ் நிறுத்தம் தள்ளித்தான் இருந்தது. ஆனால் அது மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. வரலாற்றறிஞர்களுக்கு மூட்டுவலி. கோப்பையோ தலைவர் அறைக்குப் பக்கத்து அலமாரியில், உட்கார்ந்த இடத்திலிருந்து படிக்கிற உயரத்தில்.

"கப்பைக் கொஞ்சம் பார்க்கலாமாம்மா? தொட மாட்டேன்."

எழுத்தர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அலமாரியைத் திறந்தார். சாவி பூட்டிலேயே தொங்கியது. கொக்கு தொடமாட்டேன் என்றவர்தான். ஆனால் குனிந்ததும் கை தானாகப் போய்விட்டது. எட்டாம் பட்டைக்கும் பத்தாம் பட்டைக்கும் நடுவில் வெறும் மரம். மரத்தில் மெழுகு அடைத்த இரண்டு ஓட்டைகள், ஒன்று கொஞ்சம் மேலே, ஒன்று கொஞ்சம் கீழே. அன்றைக்கு மெக்கானிக்கின் கை நழுவியது அவருக்கு நேற்று மாதிரி ஞாபகம் இருந்தது. சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் சோப்புத் துண்டை எடுத்து அந்த இடத்தில் அழுத்தினார். சாவிக்கு அச்செடுக்கிற பழக்கம். ஏன் எடுத்தோம் என்று அப்போது அவருக்கே தெரியாது.

தலைவர் அறை குளிரூட்டப்பட்டிருந்தது. அறையில் தலைவரின் படங்கள் ஏழு. தலைவரையும் சேர்த்து எட்டு. துறைமுகக் கழகத்தின் பழைய முன்கள வீரர். முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அவரைப் 'பதினாலு' என்பார்கள். ஒரே ஆண்டில் பதினான்கு கோல் அடித்ததை, மழை வருமா என்று கேட்டவரிடம்கூடச் சொல்லிவிடுவார் என்பதால் வந்த பெயர்.

"யாரு நீங்க?"

"தெரியலையா சார்? பெனால்டியை என் நெஞ்சுலதான் அடிச்சீங்க."

தலைவர் ஒரு கணம் கொக்கின் நெஞ்சைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது. பார்வையை உடனே மேசைக்குக் கொண்டுபோய்விட்டார்.

"பாருங்க, உணர்ச்சிவசப்படக்கூடாது. வரலாறுங்கறது அறிவியல். கப்புல இருக்கறதுதான் ஆதாரம். மத்ததெல்லாம் பேச்சு."

"கப்புல இருந்ததை எடுக்கச் சொன்னதே நீங்கதானே?"

"நான் ஒரு துருவை அகற்றினேன்."

"அப்ப அந்த ரெண்டு ஓட்டை?"

"கறையான் அரிச்சிருக்கும்."

கொக்கின் மனைவி முன்னால் வந்தார். "ஜோடி ஜோடியா, அளந்து வச்சு அரிக்கிற கறையானை இப்பதான் சார் கேள்விப்படறேன். வீட்டுக்கு ரெண்டு குடுங்க, ஆணி அடிக்க ஆள் தேட வேண்டாம்."

தலைவர் மணியை அழுத்தப் போனார். கொக்கு மலரின் மூன்றாம் பக்கத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தார். தலைவரின் வாழ்க்கைக் குறிப்பு, அரைப்பக்கப் படத்தோடு. "லீகின் ஒன்பதாம் ஆண்டில் பதினான்கு கோல்கள் அடித்து, அதிக கோல் அடித்த வீரர் விருதை வென்றார்."

"நடக்காத லீக்ல எப்படி சார் பதினாலு கோல் அடிச்சீங்க?"

தலைவர் பக்கத்தைப் பார்த்தார். பதினான்கையும் விடமுடியாது, ஒன்பதையும் ஒப்புக்கொள்ள முடியாது. பாவம், மூன்று வினாடிகளுக்கு அவர் முகம் மனித முகமாகவே இருந்தது. பிறகு தலைவர் முகம் திரும்பிவிட்டது.

"தனிநபர் சாதனை வேற. அணிச் சாதனை வேற. ரெண்டையும் குழப்பக்கூடாது."

"எங்க நின்னு அடிச்சீங்க, மொட்டை மாடியிலயா?" என்றார் கொக்கின் மனைவி.

"எழுத்துப்பூர்வமா மனுக் குடுங்க."

கொடுத்தார்கள். நூலகத்தின் மூன்று மாடியும் ஏறி, பத்திரிகைச் செய்தியைப் படியெடுத்து இணைத்தார்கள். அந்தச் செய்தியில் கொக்கின் படமும் இருந்தது, பந்தை நெஞ்சோடு அணைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு. அன்று விளையாடிய பதினொரு பேரில் நாலு பேர் இப்போது இல்லை. மீதிப்பேரில் ஐந்து பேரைத் தேடிப்பிடித்துக் கையெழுத்து வாங்கினார்கள். வலதுபக்கத் தடுப்பாட்டக்காரர் படுத்த படுக்கையாக இருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் போடவைக்க வேண்டியிருந்தது. "இதுக்கெல்லாம் கையெழுத்து கேக்கறானுங்களா? காலைக் காட்டு," என்றார் அவர். அவர் காலில் துறைமுகத்துக்காரனின் பூட்ஸ் ஆணித்தடம் இன்னும் இருந்தது. காலை மனுவோடு இணைக்க வழியில்லை.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. முத்திரை, முகவரி, கோப்பு எண், எல்லாம் கச்சிதம். "தங்கள் உணர்வுகளை மதிக்கிறோம்" என்று ஆரம்பித்தது. இப்படி ஆரம்பிக்கிற கடிதத்தில் மேற்கொண்டு எதையும் மதிக்கமாட்டார்கள். பத்திரிகைச் செய்தி இரண்டாம்நிலை ஆதாரமாம். விளையாடியவர்களின் சாட்சியம் பக்கச்சார்புடையதாம். யார் சொன்னால்தான் பக்கச்சார்பு இல்லை? விளையாடாதவன் சொன்னால். தலைவரைத் தவிர்த்தால் குழுவில் அப்படிப்பட்டவர்கள் நாலு பேர் இருந்தார்கள்.

மீதி சாம்பியன்களின் வரலாறும் அந்த லட்சணம்தான். ஒரே கழகத்தை முதலில் சிமெண்டுக்காரர் வாங்கினார், அப்புறம் சமையல் எண்ணெய்க்காரர் வாங்கினார், கடைசியில் கைபேசிக்காரர் வாங்கினார். ஊர் மாறியது, சட்டை மாறியது, ஆட்கள் அத்தனை பேரும் மாறினார்கள். ஆனால் மலரில் அது ஒரே கழகம், ஒன்பது முறை சாம்பியன், "அறுபடாத பாரம்பரியம்". கைபேசிக்காரர்தான் மலருக்குப் பின்னட்டை விளம்பரம் கொடுத்தவர். அச்சகம், கண்ணாடி ஆலை, தபால் துறை, இப்படி மூடிப்போன இடங்களின் கழகங்களுக்கு அடைப்புக்குறிக்குள் "இப்போது இல்லை". ஜெயித்தபோது இருந்தார்களா என்பது கேள்வியே இல்லை. இப்போது விளம்பரம் தர இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

கொக்கு கடிதத்தை இரண்டு தடவை படித்தார். இரண்டாம் தடவை முடியும்போது கழுத்து நீண்டது.

"எதுக்குச் சிரிக்கிறீங்க?" என்றார் மனைவி. "செருப்பால அடிச்ச மாதிரி எழுதியிருக்கான்."

"கடைசிப் பாராவைப் படி."

அவர் படித்தார். "குழுவின் தீர்மானம் நான்கின்படி, கோப்பையின் பீடத்தில் உள்ள பட்டைகளே சாம்பியன் பட்டத்திற்கான ஒரே இறுதி ஆதாரம். பீடத்தில் இருப்பதை மறுக்கவோ நீக்கவோ தலைவர் உட்பட எவருக்கும் அதிகாரமில்லை."

"போன வருஷம் எடுத்தாரே?"

"எடுத்த பிறகு போட்ட தீர்மானம். அதை விடு. கப்புல இருந்தா போதும்னு எழுதியிருக்கான். கையெழுத்தும் போட்டிருக்கான்."

இருவரும் ஒன்றாகச் சுவரைப் பார்த்தார்கள். தகர மூடியில் ஓட்டையைச் சுற்றி இன்னும் நாலு பட்டைக்குத் தகரம் மிச்சமிருந்தது.

"என் படத்தை எங்க வைக்கிறதாம்?" என்றார் மனைவி. கேட்டுக்கொண்டே மூடியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு முதல் கோப்பை மூன்று நாள் பொதுமக்கள் பார்வைக்கு வருவதாக அறிவித்திருந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு நிமிடம். கோப்பையைத் தொட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொள்ளலாம். கண்ணாடிக்கூண்டு வைத்தால் படத்தில் வெளிச்சம் அடித்துத் தலைவரின் பதாகை தெரியவில்லை என்று கூண்டை எடுத்துவிட்டிருந்தார்கள்.

கொக்கு சோப்பு அச்சை வைத்துத் தகரத்தில் துளை போட்டார், ஒன்று மேலே, ஒன்று கீழே. ஆணியால் எழுத்துக் குத்தினார். திருகாணிகளின் தலையை அரத்தால் ஒருபக்கமாகச் சாய்த்து ராவினார். கடை ஷட்டர்களுக்கு அவர் போடுகிற ரகம்: முறுக்கினால் உள்ளே போகும், எதிர்ப்பக்கம் திருப்பினால் வழுக்கும். அப்புறம் சமையலறைக் கதவில் சாதாரணத் திருகாணி போட்டுப் பழகினார். மனைவி கடிகாரம் பார்த்தார். முதல் தடவை மூன்றரை நிமிடம்.

"பெனால்டி பிடிச்ச கையா இது?"

"பேசாம நேரத்தைப் பாரு."

சனிக்கிழமை மாலை ஐம்பத்தைந்து வினாடிக்கு வந்தார். கதவு சல்லடையாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வரிசையில் மாப்பிள்ளையும் நின்றார். படம் எடுக்க வரச்சொல்லியிருந்தார்கள், வேறெதுவும் சொல்லவில்லை. மாமனார் மனசு ஆறட்டும் என்று அவரும் வந்திருந்தார். கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு காவலாளி முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

இவர்கள் முறை வந்தது. கொக்கின் மனைவி காவலாளியின் முகத்துக்கு நேரே போய் நின்றுகொண்டார். "தம்பி, இந்த வெளிச்சம் போதுமா? என் முகம் இருட்டடிக்குமா? ஏற்கெனவே ஒரு படத்துல முப்பது வருஷமா முறைச்சுக்கிட்டு இருக்கேன்."

கொக்கு மண்டியிட்டார். ஊசியால் மெழுகு வந்தது. முதல் திருகாணி ஏறியது. இரண்டாவதை வைத்து முறுக்கினார். காவலாளி எட்டிப் பார்த்துவிட்டார்.

"அய்யா, என்ன பண்றீங்க? கழட்டறீங்களா?"

"மாட்டறேன்."

காவலாளி யோசித்தார். "கழட்டக்கூடாதுன்னுதான் எனக்கு உத்தரவு," என்றார். "மாட்டக்கூடாதுன்னு யாரும் சொல்லல." முக்காலியில் திரும்ப உட்கார்ந்துகொண்டார்.

மாப்பிள்ளை கைபேசியை இறக்கினார். கிட்டே வந்து குனிந்து படித்தார். '9. ரொட்டி ஆலைத் தொழிலாளர் கழகம்.' எட்டாம் வெள்ளிக்கும் பத்தாம் வெள்ளிக்கும் நடுவில், அந்தக் கோணல் ஓட்டைகளில், அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

"மாமா," என்றார். "ஓட்டை சரியா இருக்கே."

"இருக்கும்," என்றார் கொக்கு, முழங்காலைத் தட்டிக்கொண்டே. "ஞாபகந்தான் முன்னப்பின்ன இருக்கும். ஓட்டை இருக்காது."

பின்னால் நின்றவர்கள் முட்டிமோதிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள், யாரோ கைதட்டினார்கள். சத்தம் கேட்டுத் தலைவர் வந்தார். பட்டையைப் பார்த்ததும் காது சிவந்தது.

"கழட்டுங்க அதை! இப்பவே!"

ஓடிவந்த ஒருவர் திருப்புளியை வைத்துத் திருப்பினார். வழுக்கியது. மறுபடி வைத்தார். வழுக்கிப் பக்கத்துப் பட்டையைக் கீறியது.

"பார்த்துப்பா, அது நம்ம துறைமுகம்!" என்று தலைவர் அலறினார்.

"உடைச்சுத்தான் சார் எடுக்கணும்," என்றார் கொக்கு, தொழில்காரரின் பொறுப்போடு. "உடைச்சா பத்தாம் வருஷமும் சேர்ந்து பெயரும். உங்க இஷ்டம்."

கூட்டத்தின் ஓரத்தில் முன்மேசை எழுத்தர் ஒரு கோப்போடு நின்றிருந்தார். "சார், தீர்மானம் நாலு," என்றார், மெதுவாகத்தான். ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "பீடத்தில் இருப்பதை நீக்கத் தலைவர் உட்பட எவருக்கும்..."

தலைவர் கோப்பையைப் பார்த்தார். கைபேசிகளைப் பார்த்தார், இருபதுக்குக் குறையாமல் அவரை நோக்கி உயர்ந்திருந்தன. கடைசியில் கொக்கைப் பார்த்தார். கொக்கு எதிரே ஆடாமல் நின்றார். முப்பத்தோரு வருஷத்துக்கு முன்பும் இப்படித்தான் நின்றார், பன்னிரண்டு கெஜத் தூரத்தில்.

தலைவர் திரும்பி நடந்தார்.

மலரின் திருத்திய பதிப்பு ஒரு மாதத்தில் வந்தது. வருத்தம் தெரிவிக்கவில்லை, "புதிய ஆய்வின் அடிப்படையில்" என்று போட்டுக்கொண்டார்கள். குழுத் தலைவரின் அயராத உழைப்புக்கு ஒரு பத்தி நன்றிகூட இருந்தது. பதினேழாம் பக்கத்தில் கோடு போய்விட்டது. ஒன்பதாம் ஆண்டு, ரொட்டி ஆலைத் தொழிலாளர் கழகம். அதற்குப் பக்கத்தில், மற்ற முப்பத்தொன்பது ஆண்டுகளுக்கும் இல்லாத ஓர் அடைப்புக்குறி: "தகரப் பட்டை".

மாப்பிள்ளை அதைச் சத்தமாகப் படித்துவிட்டுக் கொதித்தார். "பாருங்க மாமா அந்தாள் புத்தியை! ஒரு மனு குடுப்போம். நான் எழுதறேன்."

"எழுதுங்க," என்றார் கொக்கின் மனைவி. சுவரில் மூடி பழைய இடத்துக்கு வந்துவிட்டது, இப்போது இரண்டு ஓட்டைகளோடு. ஒன்றில் அவர் முறைத்துக்கொண்டிருந்தார். இன்னொன்றில் கொக்கு, பத்திரிகையிலிருந்து படியெடுத்த படத்தில், கண்ணை மூடியிருந்தார். "தகரம்னு போட்டது தப்பில்ல, தகரந்தான். எண்ணெய் தடவாட்டி துரு ஏறும். வருஷா வருஷம் நாங்களே வந்து தடவறோம்னு எழுதுங்க. அலமாரிச் சாவி வேணாம்னும் சேர்த்து எழுதுங்க."

"ஏன் அத்தை?"

"உங்க மாமாகிட்ட இருக்கு."

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். கொக்கு சோப்புத் துண்டைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்.